பிணந்தின்னி என்று யாரைத் திட்டுகிறோம்?

கேள்வி இது: செத்துக் கிடக்கும் விலங்கின் உடலைக் குறிக்கும் ‘கேரியன்’ (carrion) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் உண்டா? செத்த விலங்கின் உடலுக்கு இயற்கையில் என்ன ஆகிறது? ஒருவரைப் ‘பிணந்தின்னி’ என்று திட்டுவது, செத்ததைத் தின்று வாழும் விலங்குகளுக்கு நியாயம்தானா? மூன்றில் கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் அங்கே போக முடியாது.

முதலில் சொல். பேச்சில் ‘செத்த எலி’, ‘செத்த மாடு’ என்கிறோம். ‘எலிப் பிணம்’ என்று யாரும் சொல்வதில்லை. பிணம், சவம், சடலம் எல்லாமே கிட்டத்தட்ட மனிதருக்கென்று ஒதுக்கி வைத்தவை. ஆனால் அந்தச் செத்த எலியைத் தின்கிற பறவைக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் பிணத்தை இழுத்து வந்துவிடுகிறோம். எலியைத் தின்ற பறவை, பெயரளவில் மனிதனைத் தின்றதாக ஆகிவிடுகிறது. வசையின் பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது.

பழைய தமிழில் ‘முடை’ என்றொரு சொல் இருந்தது. புலாலுக்கும் அதுதான், புலாலின் நாற்றத்துக்கும் அதுதான். இன்று ‘முடை நாற்றம்’ என்பதில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது அந்தச் சொல்லில் சதை போய் நாற்றம் மட்டும் மிஞ்சியது. (‘பண முடை’ என்கிறோமே, அது வேறு. அதில் நாற்றம் இல்லை, தட்டுப்பாடுதான்.) ஊன், புலால் இரண்டும் எந்த இறைச்சிக்கும் பொருந்தும், செத்துக் கிடந்ததா, கொன்று எடுத்ததா என்று அவை பார்ப்பதில்லை. திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தில் எல்லா இறைச்சியையும் சேர்த்து ‘உயிரின் தலைப்பிரிந்த ஊன்’ என்று சொல்லி வள்ளுவர் அந்த வித்தியாசத்தையே துடைத்துவிடுகிறார். யார் கொன்றாலும் தட்டில் இருப்பது உயிர் போன உடம்புதான் என்பது அவர் கணக்கு.

இயற்கையியலில் மட்டும் அந்த வித்தியாசம் முக்கியம். தின்கிற விலங்கு தானே கொல்லாமல், வேறு ஏதோ காரணத்தால் செத்துக் கிடக்கிற உடலைத்தான் கேரியன் என்கிறார்கள். நோய், பசி, முதுமை, விபத்து, வேறொரு விலங்கு அடித்துவிட்டுப் போன மிச்சம், எதுவாகவும் இருக்கலாம். அழுகியிருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. செத்து அரை மணி நேரமான மானும் கேரியன்தான்.

சரி, அந்த உடலுக்கு என்ன ஆகிறது? ஒருமுறை மதில் ஓரமாகச் செத்துக் கிடந்த பெருச்சாளி ஒன்றை, எடுத்துப் புதைக்கச் சோம்பல்பட்டு, ஐந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தபோது உடம்பு விறைத்திருந்தது, நாற்றம் இல்லை. ஆனால் எனக்கு முன்பே பச்சை ஈக்கள் வந்துவிட்டிருந்தன. அவை கண்ட இடத்தில் உட்காரவில்லை. கண்ணோரம், மூக்குத் துளை, வாயின் ஓரம் என்று தோல் மெலிந்து ஈரமாக இருக்கிற இடமாகப் பார்த்து, ரவை சிந்தியது போல வெள்ளையாக முட்டையிட்டுக்கொண்டிருந்தன. எறும்புகள் வரிசையாக வந்து அந்த முட்டைகளைத் தூக்கிப் போயின. ஈக்கள் சளைக்காமல் மறுபடி இட்டன. மறுநாள் வயிறு பந்து மாதிரி உப்பிவிட்டது. உள்ளே இருந்த குடல் பாக்டீரியாக்கள், இத்தனை காலம் சாப்பாடு போட்ட வீட்டையே தின்ன ஆரம்பித்ததில் கிளம்பிய வாயு அது. மூன்றாம் நாள் காதை அருகில் கொண்டு போனால் ஒரு சத்தம் கேட்டது. உலை அடங்கிச் சோறு வேகும்போது மெல்லக் குமிழி விடுமே, அந்தச் சத்தம். நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒன்றாக நெளிகிற சத்தம். மூக்கைப் பிடித்துக்கொண்டு கையை மேலே காட்டினேன், லேசான சூடு. புழுக்கள் கூட்டமாகத் தின்னும்போது அந்தக் கூட்டமே சூடாகிவிடும், வெளிக் காற்றைவிட நன்றாகவே. ஐந்தாம் நாள் புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போயின. மிஞ்சியது காய்ந்த தோல், பற்கள், கொஞ்சம் எலும்பு, சுற்றிலும் கருகிப்போன புல்.

அந்தக் கருகலுக்கும் காரணம் உண்டு. உடலிலிருந்து கசிகிற நீரில் அமோனியா போன்ற நைட்ரஜன் சேர்மங்கள் அளவுக்கு மீறி இருப்பதால் வேர்கள் வெந்துவிடுகின்றன. உரத்தை அள்ளிக் கொட்டினால் செடி சாகிற அதே கதை. மழை பெய்து அது நீர்த்துப் பரவிய பிறகு பார்த்தால், அந்த ஒரு முழ வட்டத்தில் மட்டும் புல் மற்ற இடத்தைவிட அடர்த்தியாக, கரும்பச்சையாக நிற்கும். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று ஒரு வள்ளலுக்குச் சொன்னோம். பெருச்சாளிக்கும் அது பொருந்தும்.

நாற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்முடைய அருவருப்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. புரதம் சிதையும்போது அமினோ அமிலங்களிலிருந்து உண்டாகிற இரண்டு பொருள்களை 1885-ல் லுட்விக் பிரீகர் என்ற ஜெர்மன் மருத்துவர் பிரித்தறிந்தார். புட்ரெசின், கடாவரின் என்ற பெயர்களில், முதலாவது அழுகலையும் இரண்டாவது பிணத்தையும் குறிக்கும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. இவற்றோடு கந்தகச் சேர்மங்களும் சேர்ந்ததுதான் நாம் மூக்கைப் பொத்துகிற வாடை. நமக்கு ‘விலகிப் போ’ என்று சொல்கிற அதே வாடை ஈக்கு ‘இலை போட்டாயிற்று’ என்கிறது.

இந்த அழைப்பைப் போலியாக விடுகிற செடிகளும் இருக்கின்றன. சேனைக்கிழங்குச் செடி பூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊதாவும் மண்நிறமுமாக, சுருங்கிய மாமிசம் போல ஒரு பூ, பக்கத்தில் நிற்க முடியாத பிண வாடை. ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நம்பி வருகிற பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்து போகின்றன. சுமத்ராவில் மட்டும் தானாக வளர்கிற டைட்டன் ஆரம் இதே பேரினம்தான், ஆள் உயரத்தைத் தாண்டுகிற பூங்கொத்து. அது தன் தண்டைச் சூடாக்கி வாடையை மேலே அனுப்புகிறது. அங்கே முட்டையிடுகிற ஈ இருந்தால் பாவம், குஞ்சுகளுக்குத் தின்ன எதுவும் கிடைக்காது.

அப்புறம் பாறுகள். கழுகு என்று பொதுவாகச் சொன்னால் வேட்டையாடுகிற பறவையும் செத்ததைத் தின்கிற பறவையும் குழம்பிப் போகின்றன. ‘கழுகுப் பார்வை’ என்று பாராட்டும் அதே வாய் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்று திட்டுவது இந்தக் குழப்பத்தால்தான். சங்கப் பாடல்களில் இருக்கிற ‘பாறு’, ‘எருவை’ என்ற சொற்கள் செத்ததைத் தின்கிற பறவைக்குக் கச்சிதமானவை. பறவை ஆர்வலர்கள் பலர் இப்போது ‘பாறு’ என்றே எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பாறு செத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதில் நூறு ஆண்டுக்கு மேல் ஒரு சண்டை நடந்தது. ஓவியரும் பறவையியலாளருமான ஆடுபன் 1826-ல் ஒரு சோதனையை எழுதினார். மான் தோலுக்குள் உலர்ந்த புல்லை அடைத்து வெட்டவெளியில் போட்டார். பாறு வந்து கிழித்துப் பார்த்து ஏமாந்தது. செத்த பன்றியை மூடி மறைத்து வைத்தார்; நாற்றம் குமட்டியும் எந்தப் பாறும் வரவில்லை. ஆகவே பாறுக்கு மோப்பமே கிடையாது என்று முடிவு கட்டினார். பலரும் நம்பினார்கள். இதற்கு மறுப்பு வந்த வழிதான் வேடிக்கை. கலிபோர்னியாவில் எரிவாயுக் குழாயில் கசிவு இருக்கிற இடத்துக்கு மேலே பாறுகள் வட்டமிடுவதைக் குழாய்க்காரர்கள் கவனித்திருந்தார்கள். வாசனையில்லாத எரிவாயுவில் கசிவு தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலப்பார்கள். அழுகும் உடலிலிருந்து வருகிற கந்தகச் சேர்மங்களுக்கு அது உறவு. பறவையியலாளர் கென்னத் ஸ்டேகர் இதைப் பிடித்துக்கொண்டு சோதித்து 1964-ல் எழுதினார்: அமெரிக்காவின் ‘டர்க்கி வல்ச்சர்’ என்ற பாறு இனத்துக்கு அருமையான மோப்பம் இருக்கிறது. ஆடுபனின் பன்றி வேண்டிய அளவுக்கு மேல் அழுகியிருந்தது என்பது பின்னால் வந்தவர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. ஆமாம், பாறுக்கும் புதுசுதான் பிடிக்கும். வேறு வழியில்லாமல்தான் பழையதைத் தின்கிறது.

நம் பக்கத்துப் பாறுகள் வேறு குடும்பம். இவை மோப்பத்தை நம்புவதில்லை, கண்ணைத்தான் நம்புகின்றன, அதுவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. உயரத்தில் தள்ளித் தள்ளிப் பறக்கிற பறவைகளில் ஒன்று இறங்கினால் அடுத்தது அதைப் பார்த்து வரும், அதைப் பார்த்து அதற்கடுத்தது. சற்று முன் வெறுமையாக இருந்த வானத்திலிருந்து ஐம்பது பறவை இறங்குகிற மாயம் இப்படித்தான் நடக்கிறது.

அவற்றின் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. ஆந்த்ராக்ஸால் செத்த மாட்டைத் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் பறந்து போகும். அப்படிப்பட்ட பறவையைக் கொன்றது என்ன என்று பாருங்கள்: டைக்ளோஃபினாக், நாம் மூட்டு வலிக்குப் போடுகிற மாத்திரை. வலிக்காக அந்த மருந்து ஏற்றிய மாடு சில நாளில் செத்தால், அதன் சதையைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்துவிடும், உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போலப் படியும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்கிற அளவுக்கு வீழ்ச்சி. 2004-ல்தான் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு காரணத்தைக் கண்டுபிடித்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தருவதை இந்தியா தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால் 2015-ல் ஊசிக் குப்பி 3 மில்லிக்கு மேல் கூடாது என்று குறைத்தார்கள்.

பாறு போனால் என்ன, அழகான பறவையா என்று கேட்டவர்கள் உண்டு. பாறுக் கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அவை இல்லாமல் போனதும் மாடுகள் நாள்கணக்கில் கிடந்து நாறின. நாய்கள் பெருகின, கூடவே வெறிநாய்க்கடி அபாயமும். அழுகல் நீர்நிலைகளில் கலந்தது. இயால் ஃபிராங்க், ஆனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024-ல் வெளியிட்ட கட்டுரையில், 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் இதனால் கூடுதலாக நேர்ந்த மனித இறப்புகள் 5 லட்சம் அளவில் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பிணத்தைத் தின்னும் பறவை போன பிறகு பிணங்கள்தான் கூடின.

பாறுகளைப் பற்றியே பேசினால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள், குறிப்பாகப் புதைவண்டு. ஓர் ஆணும் பெண்ணுமாகச் செத்த சுண்டெலியின் அடியில் மண்ணைத் தோண்டித் தோண்டி அதைக் கீழே இறக்கிவிடும். மயிரை மழித்து, உருட்டி, உருண்டையாக்கி, கிருமி அண்டாமல் தங்கள் உடலிலிருந்து ஒரு திரவத்தைப் பூசும். பக்கத்தில் முட்டை. புழுக்கள் வெளிவந்ததும் பறவைக் குஞ்சுகள் மாதிரி தலையைத் தூக்கி இரை கேட்கும். தாயும் தகப்பனும் செரித்த கூழைக் கக்கி ஊட்டும். வண்டினத்தில் இப்படி இருவருமாகப் பிள்ளை வளர்ப்பது அபூர்வம். ரொம்ப உருகிவிடவும் வேண்டாம்: எலி சிறியதாக இருந்து பிள்ளைகள் அதிகமாகிவிட்டால், பெற்றோரே சிலவற்றைத் தின்று கணக்கைச் சரிசெய்துவிடும்.

ஆழ்கடலில் இதே கதை யானை அளவில், இல்லை, திமிங்கில அளவில் நடக்கிறது. வெளிச்சமே புகாத, உணவு அரிதான அடித்தரையில் ஒரு திமிங்கில உடல் வந்து விழுந்தால் அது பல பத்தாண்டுகளுக்கு ஒரு ஊர். 1987-ல் கலிபோர்னியாவுக்கு அப்பால் ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் போன கிரெய்க் ஸ்மித் குழுவினர் அப்படி ஓர் எலும்புக்கூட்டைச் சுற்றி ஒரு உயிர்க்கூட்டமே வாழ்வதைக் கண்டார்கள். 2002-ல் கிடைத்த ஓசிடாக்ஸ் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அமிலத்தால் எலும்பைக் கரைத்து வேர் விட்டு, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களின் தயவில் வாழ்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதைத் தந்தத்துக்காகச் சொன்னார்கள். கடலடியில் அது உண்மையாகவே நடக்கிறது.

நிலத்திலும் ஓர் உதாரணம். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹர்டாங்கர்விட்டா பீடபூமியில் ஒரே மின்னல் வெட்டில் 323 பனிமான்கள் செத்தன. உடல்களை அங்கேயே விட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அண்டங்காக்கைகளும் நரிகளும் தின்ன வந்தன. வரும் வழியில் தின்ற குரோபெர்ரி என்ற காட்டுப் பழத்தின் விதைகளை எச்சத்தோடு அங்கே விட்டுப் போயின. செடிகள் கருகித் திறந்து கிடந்த மண், அதில் விதை. சாவு நடந்த இடம் நாற்றங்கால் ஆகிவிட்டது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு உவமைக்கு வந்தால் பல இடத்தில் இடிக்கிறது. ‘நடைப்பிணம்’ என்கிறோம், உயிரோட்டம் இல்லாதவன் என்ற பொருளில். ஆனால் மூன்றாம் நாள் பெருச்சாளியைப் பார்த்தவனுக்கு, அந்த மதில் ஓரத்திலேயே அதிக உயிரோட்டம் உள்ள பொருள் அதுதான். நெல்லை, குமரிப் பக்கம் ‘சவத்த விடு’ என்பார்கள், ஒன்றுக்கும் ஆகாததைத் தள்ளிவிடு என்று. எனக்கு ரொம்பப் பிடித்த வசை, ஆனால் உயிரியல்படி தப்பு.

‘பிணந்தின்னி’ இன்னும் சிக்கல். அந்தச் சொல்லை யாரை நோக்கி வீசுகிறோம்? பிறர் துயரத்தில் ஆதாயம் தேடுபவரை. வெள்ளம் வந்த அன்று விலையை ஏற்றுபவர், சாவு வீட்டில் கையெழுத்து வாங்குபவர், மூழ்கும் நாட்டின் கடன் பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி முழுத் தொகைக்கு வழக்குப் போடும் ‘கழுகு நிதி’கள். இவர்களுக்குத் தமிழில் ஏற்கனவே கச்சிதமாக ஒன்று இருக்கிறது: எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். அந்தப் பழமொழியில் வீடு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார். பாறு அப்படி இல்லை. அது பெரும்பாலும் சாவது வரை காத்திருக்கும், தின்றுவிட்டு இடத்தைச் சுத்தமாக விட்டுப் போகும். நாம் திட்டுகிற ஆள் காத்திருப்பதும் இல்லை, சுத்தம் செய்வதும் இல்லை.

கழுதைப்புலிக்கும் இதே அநியாயம். 1960-களில் ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் டான்சானியாவில் இரவில் அவற்றின் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது, புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது என்று தெரிந்தது. இங்கோராங்கோரோவில் அது அடித்ததைச் சிங்கம் விரட்டிப் பறித்துக்கொண்டது. விடிந்ததும் வருகிற சுற்றுலாக்காரர் பார்ப்பது என்ன? நடுவில் தின்றுகொண்டிருக்கும் ராஜா, தள்ளிக் காத்திருக்கும் ‘பிணந்தின்னி’கள்.

பாரதி இந்த உவமையைக் கையாண்ட விதம் எனக்கு இன்றும் வியப்பு. பாஞ்சாலி சபதத்தில், பேய் அரசு செய்தால் பிணம் தின்னும் சாத்திரங்கள் என்கிறார். பறவை இல்லை, விலங்கு இல்லை, தின்பது சாத்திரம். சபையில் ஒரு பெண்ணை இழுத்து வைத்துக்கொண்டு, அது முறைதான் என்று நூல் பேசுகிறவர்களுக்கான அடி அது. எந்த உயிரினத்தையும் இழிவுபடுத்தாமல் போட்ட ‘பிணந்தின்னி’ வசை என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். பேய்க்கு மட்டும் வருத்தம் இருக்கலாம்.

இந்தச் சொல்லுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையைச் சில சாதியார் தலையில் கட்டாயமாகக் கட்டி, வறுமையில் அந்தச் சதையை அவர்கள் தின்ன நேர்ந்தபோது, அதையே காட்டி இழிவானவர்கள் என்றது நம் சமூகம். வேலையைச் சுமத்தியவர்களே வேலைக்காக ஏசினார்கள். 1927-ல் மகாராஷ்டிரத்தின் மகாடு ஊரில் நடந்த மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டிறைச்சியை விட்டுவிடுங்கள் என்று தம் மக்களிடம் கேட்டது உணவு அறிவுரை அல்ல, அந்த இழிவை மறுக்கச் சொன்ன அறைகூவல். ஆகவே ‘பிணந்தின்னி’ என்ற வசை வாயில் வரும்போது, அது எந்தத் தெருவழியாக நடந்து வந்த சொல் என்று ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இதே பண்பாட்டில்தான் சடாயுவும் இருக்கிறார். வால்மீகி அவரைச் சொல்வது ‘கிருத்ர ராஜன்’ என்று. கிருத்ரம் என்றால் பாறு. சீதையை மீட்கப் போராடி விழுந்த அந்தப் பறவைக்கு, தந்தைக்குச் செய்வது போல ராமன் தன் கையால் தீ மூட்டுகிறான். தமிழ் வைணவர்கள் அவரைப் ‘பெரிய உடையார்’ என்கிறார்கள். செத்த உடல்களைத் தின்று வாழும் இனத்தில் பிறந்தவரின் உடலை யாரும் தின்ன விடாமல் சிதையில் வைத்திருக்கிறது கதை. கதை சொன்னவர் இதை நினைத்துத்தான் செய்தாரா என்று எனக்கு நெடுநாள் யோசனை.

கடைசியாக, மொழிபெயர்ப்பில் ‘கேரியன்’ வந்தால் என்ன செய்வது என்பதற்கு என் பழக்கம்: அறிவியல் கட்டுரையானால் ‘இறந்த விலங்கின் உடல்’ என்று நீட்டியே எழுதிவிடுவேன், கதையானால் ‘செத்த மாடு’, ‘செத்த மான்’ என்று விலங்கின் பெயரோடு. நாற்றம்தான் முக்கியம் என்றால் ‘முடை’. தின்கிற பறவை வந்தால் பாறு. ‘பிணந்தின்னி’யை, மூலத்தில் யாராவது யாரையாவது திட்டும் இடத்துக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.